மூன்று வருஷ டிப்ளோமாவும் ஒரு டொக்டர் மாப்பிள்ளையும்

நான் ஓய்வுபெற்றபோது நேர்ஸ்மார் நீங்கள் என்னை வழியனுப்பிய மதியச் சாப்பாட்டில் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், இப்ப ஒரு பிள்ளை நேர்ஸிங் படிக்கப்போறன் எண்டு வந்து நிண்டால், கொலிஜ் டிப்ளோமா செய் எண்டுவியளோ, யூனிவர்சிட்டி டிகிரி செய் எண்டுவியளோ?"

தன் தங்கைக்காகத்தான் கேட்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் என் வாய் நிறைய மீன் பற்றிஸ். நான் விழுங்கி முடிப்பதற்குள் நீங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள். டிகிரி இல்லாவிட்டால் இந்தக் காலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பக்கம். முதலில் டிப்ளோமாவோடு வேலைக்கு வரட்டும், மிச்சத்தை ஆறுதலாகப் படிக்கலாம் என்று மறுபக்கம். நான் வாயைத் துடைத்துக்கொண்டு கேக் வெட்டப் போய்விட்டேன். இப்போது எனக்கு நேரம் தாராளமாக இருக்கிறது, ஆகவே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஷிப்ட் மாறும்போது நான் ரிப்போட் சொல்லத் தொடங்கினால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள்தானே நீங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே கேள்வி என் முன்னாலும் வந்து நின்றது. இன்று பதிவுபெற்ற தாதியாக வரவேண்டுமென்றால் டிகிரி கட்டாயம். அன்று அப்படியில்லை. கொலிஜ்ஜில் மூன்று வருஷம், அல்லது பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம். எந்த வாசலால் போனாலும் கடைசியில் எழுதுகிற பரீட்சை ஒன்று, கிடைக்கிற லைசென்ஸும் ஒன்று. நான் அப்போது ரொறொன்ரோவில், பார்க்டேலில், அக்கா குடும்பத்தோடு ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தேன். வேலை ஆஸ்பத்திரியில் போர்ட்டர். எக்ஸ்ரேக்கும் ஒப்பரேஷன் தியேட்டருக்கும் கட்டில் தள்ளுகிறவன். தள்ளிக்கொண்டு போகும்போது ஆட்கள் என்னோடுதான் கதைப்பார்கள், ஏனென்றால் லிஃப்டுக்குள் வேறு ஒருவரும் இருக்கமாட்டார்கள். பயப்படுகிற மனிதரோடு கதைக்கிறது எனக்கு நல்லாய் வரும் என்பதை அந்த லிஃப்டில்தான் கண்டுபிடித்தேன். விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடமும் வா என்றது.

நான் கொலிஜ்ஜைத் தெரிவு செய்ததற்கு மூன்று காரணங்கள். அவற்றில் ஒன்றுதான் சபையில் சொல்லக்கூடியது. கொலிஜ்ஜில் சேர்ந்து சில கிழமைகளிலேயே வாட்டுக்குள் விடுவார்கள், எனக்கு நோயாளிகளுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் ஆசை. இது முதலாவது. இரண்டாவது, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பயம். பல்கலைக்கழகத்துத் திறந்த நாளில் ஒரு பேராசிரியை ஆராய்ச்சி, பொதுச் சுகாதாரம், கற்பித்தல் என்று அருமையாகப் பேசினார். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெடியன் குறிப்பெடுத்த வேகத்தைப் பார்த்ததும் ஆசை இறங்கிவிட்டது. மூன்றாவது இன்னும் வெட்கக்கேடு. கொலிஜ் திறந்த நாளில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, அதை அசைக்காமல் விரிப்பை மாற்றிக் காட்டச் சொன்னார்கள். போர்ட்டருக்கு அது சோறு சாப்பிடுகிற மாதிரி. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டின இடத்திலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம். அவளுக்கு நேர்ஸிங்கே பிரச்சினை. "பொம்பிளையளின்ரை வேலை" என்று முகத்தைச் சுளித்தாள். அதையாவது பல்கலைக்கழகத்தில் படித்தால், கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட படத்தை டீவிக்கு மேலே மாட்டலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் இடமும் பார்த்து வைத்துவிட்டாள். நான் டிப்ளோமா என்றதும் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கும். பிறகு வேறொரு வேலையில் இறங்கினாள். எனக்குப் பொம்பிளை பார்க்கத் தொடங்கினாள்.

ஸ்காபரோவில் ஒரு குடும்பம். தகப்பனும் மகளும் மட்டும் இங்கே, தாய் இன்னும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். மகளின் பெயர் வதனி, ஒரு வங்கியில் கவுண்டரில் நின்றாள். என் படம் அவர்கள் வீட்டுக்குப் போனது. அவளை நான் ஒரு கலியாண வீட்டில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். யாரோ ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து நெடுநேரம் வாழ்த்துரை வழங்க, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வேறென்ன சொல்ல. சம்மதம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, இரண்டாம் வருஷப் படிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பேச்சுவார்த்தை எல்லாம் அக்காவின் தொலைபேசியில் நடந்தது.

இனி வாட்டுக்கு வருகிறேன்.

அந்தத் தவணை எங்களை ஒரு சத்திரசிகிச்சை வாட்டில் போட்டார்கள். எங்களை மேய்த்த ஆசிரியை ஜமெய்க்காவில் பிறந்தவர். பெயர் வேண்டாம், தன்னைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சத்தம் போடமாட்டார். பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதுவே போதும். ஒருநாள் காலையில் எனக்கு ஒரு தமிழ் நோயாளியைப் பொறுப்பாகத் தந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். ஊரில் கச்சேரியில், அதுதான் அரசாங்கச் செயலகத்தில், காணிப் பகுதியில் கிளாக்கராக இருந்தவர், இங்கே ஒரு பெரிய கட்டிடத்தில் செக்கியூரிட்டி. சலரோகம், அதாவது நீரிழிவு. புதுச் சப்பாத்து கடித்த புண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் வைத்திருந்து, பழுத்து, காய்ச்சலோடு வந்திருந்தார். வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன.

என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. தமிழன் என்ற சந்தோஷம் என்று நினைத்தேன். நான் உடம்பு துடைத்து, கட்டு மாற்றி, சிறுநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் கூச்சத்தில் நெளிந்தார். "ஐயோ தம்பி, நீர் ஏன் உதெல்லாம்" என்றார். பிறகு தானே தலையை ஆட்டி, இந்த நாட்டில் எஞ்சினியரும் கோப்பை கழுவித்தானே தொடங்குகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எந்த யூனிவர்சிட்டி என்று கேட்டார். கொலிஜ் என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு. நல்ல மனிதர், காய்ச்சலில் ஏதோ கதைக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் அறைக்குள் வதனி வந்தாள். கையில் பிளாஸ்க், தோளில் வங்கிச் சீருடைக் கோட். என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். என் கையில் சலப் போத்தல். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் காலையிலிருந்து துடைத்துக் கழுவிக்கொண்டிருப்பது மாமனாராக வரப்போகிறவரை என்று.

சொந்தக்காரரை மாணவர்கள் பராமரிக்கக்கூடாது என்பது விதி. நேரே ஆசிரியையிடம் ஓடினேன். இது என்ன உறவு என்று அவருக்கு விளங்கப்படுத்தியதுதான் அந்த வருஷத்தில் நான் எடுத்த மிகக் கடினமான சோதனை. சொந்தமில்லை, ஆனால் அந்நியமும் இல்லை என்றேன். "அந்தப் பெண்ணோடு பேசியிருக்கிறாயா?" என்று கேட்டார். இல்லை. "அவள் உன்னோடு?" இல்லை. "பிறகு?" படம் போயிருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படம் போனதெல்லாம் விதிப்புத்தகத்தில் இல்லை, தமிழ் தெரிந்த ஆள் இந்த வாட்டில் நீ ஒருத்தன்தான், நான் பக்கத்தில் இருக்கிறேன், போய் வேலையைப் பார் என்றார். ஆனால் ஒன்று: யாருக்காவது மொழிபெயர்க்க நேர்ந்தால் உப்புப் புளி சேர்க்காதே என்றார்.

அடுத்த நாள் காலை சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். அந்த இரண்டு விரல்களையும் எடுக்கவேண்டும், கிருமி மேலே ஏறுகிறது, காத்திருந்தால் பாதம், பிறகு கால் என்று சொன்னார். வதனி தகப்பனுக்கு அதைத் தமிழில் சொன்னாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளை பயத்தில் சொல்கிறாள் என்றார். லண்டனில் இருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொல்லியிருந்தாராம், விரலில் தொடங்கினால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போவார்கள், கையெழுத்துப் போடாதே, வீட்டுக்குப் போ, பச்சிலைப் பத்துப் போட்டால் சரிவரும் என்று. நோர்வேயில் இருந்து மச்சான் அதற்கும் மேலே போய் ஒரு எண்ணெயின் பெயர் சொல்லியிருந்தார். டொக்டர் மத்தியானம் திரும்பி வருகிறேன் என்று போய்விட்டார்.

நான் கட்டு மாற்றுகிற தட்டோடு உள்ளே போனேன். வதனி கட்டிலின் தலைமாட்டில் நின்றாள், அழுதிருந்தாள். வதனியின் தகப்பன், நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், என்னைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, இனி ஒளிச்சு என்ன. எங்கடை வீட்டுக்கு வரப்போற பிள்ளை நீர். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை. இந்த வெள்ளையன் சொல்லுறதை நான் நம்பேல்லை. நீர் சொல்லும். வெட்டச் சொன்னால் இப்பவே சைன் வைக்கிறன்."

டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு. "ஓம் அங்கிள், வெட்டத்தான் வேணும்" என்று நான் வெள்ளை மேலங்கியோடு சொன்னால் அவருடைய கால் தப்பும். என் கலியாணமும் தப்பும். அதுவும் பொய்யான ஆலோசனை இல்லை, வெட்டத்தான் வேண்டும் என்று உண்மையான டொக்டரே சொல்லியிருக்கிறார். ஒருவருக்கும் நட்டமில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன், எனக்கு வாய் திறந்துவிட்டது, "ஓம்" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

என்னை மறித்தது பெரிய ஒழுக்கம் ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி என்ன என்று யோசித்தேன், அவ்வளவுதான். நான் ஓம் என்றால் அவர் விடமாட்டார். எவ்வளவு வெட்டுவார்கள்? ஆறுமோ? இந்த மருந்தை நிற்பாட்டட்டோ? மற்றக் காலுக்கும் வருமோ? ஒவ்வொன்றுக்கும் அவர் என் வாயைத்தான் பார்ப்பார், டொக்டரைப் பார்க்கமாட்டார். எனக்குத் தெரியாததற்கும் நான் பதில் சொல்லவேண்டி வரும், சொல்லுவேன், ஏனென்றால் மாப்பிள்ளை. இல்லாத ஒரு டொக்டரை நம்பி இந்த மனிதர் தன் காலைக் கொடுக்கப்போகிறார்.

"அங்கிள், நான் டொக்டருக்குப் படிக்கேல்லை. நேர்ஸுக்குப் படிக்கிறன். கொலிஜ்ஜிலை, மூண்டு வருஷ டிப்ளோமா. வெட்டவேணுமோ எண்டு சொல்லுற தகுதி எனக்கில்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார், நேற்று நான் போத்தலோடு போய்வந்த வாசலைப் பார்த்தார். "அப்ப உம்மடை அக்கா?" என்றார். அக்கா என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது, நான் இதுதான் என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எல்லாரும் கள்ளர், நான் வீட்டுக்குப் போகிறேன், உடுப்பைக் கொண்டு வா என்று மகளுக்குச் சொன்னார்.

வதனி என் பின்னாலேயே வெளியே வந்தாள். கொரிடோரில் வைத்து என்னை நேராகப் பார்த்து, "நீங்கள் ஜஸ்ட் யெஸ் எண்டு சொல்லியிருக்கலாம். அப்பா சைன் பண்ணியிருப்பார்" என்றாள். நானும் என் மனைவியும் எங்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான். ஒரு மனிதரின் காலையும் கெடுத்து, சம்பந்தத்தையும் கெடுத்துவிட்டு நிற்கிறேன் என்றுதான் பட்டது.

ஆசிரியையைத் தேடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நல்ல காரியம் செய்தாய் என்று தோளில் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் காலுக்குக் கட்டு மாற்றுகிற நேரம் எப்போது? இப்போது என்றேன். பிறகு ஏன் இங்கே நிற்கிறாய் என்றார். உன்னைக் கலியாணம் முடிக்க நான் இங்கே அனுப்பவில்லை, அந்தக் கால் இன்னும் உன் பொறுப்பில் இருக்கிறது, நோயாளி உன்னோடு கதைக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை என்றார். தானும் கூட வந்து வாசலில் நின்றார்.

திரும்பிப் போனேன். கட்டு மாற்றட்டோ என்று கேட்டேன். அவர் காலை மட்டும் நீட்டினார். கட்டை அவிழ்த்தேன். இங்கே ஒரு சின்ன விஷயம். அவர் தன் காலை ஒருநாளும் பார்த்ததில்லை. கட்டு அவிழ்க்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளுவார், நேற்றும் அப்படித்தான். அன்றைக்குக் கோபத்தில் மூட மறந்துபோனார். சுவரைப் பார்த்திருந்தவர் பக்கவாட்டில் திரும்பினார், கால் கண்ணில் பட்டுவிட்டது. கறுத்த விரல்களைப் பார்க்கவில்லை அவர். காலின் மேலே நீலப் பேனாவால் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார்.

"உதென்ன கோடு?" என்றார்.

நீங்கள் எல்லோரும் தினமும் போடுகிற கோடுதான். கிருமி ஏறுகிற சிவப்பு எதுவரைக்கும் நிற்கிறது என்று பேனாவால் வரைந்து வைப்போமே, அது. முதல்நாள் பின்னேரம் போட்டது என்றேன். போட்ட நேரம் சிவப்பு கோட்டுக்கு உள்ளேயா நின்றது என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். பாதத்தின் அடியில் எப்படி என்று கேட்டார், அவருக்கு எட்டவில்லை. வதனி கைப்பையில் இருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துத் தந்தாள், நான் அதைக் காலுக்குக் கீழே பிடித்தேன். அடியிலும் சிவப்பு கோட்டைக் கடந்து போயிருந்தது.

அவர் வாழ்நாள் முழுக்கக் காணிப் பகுதியில் இருந்தவர் என்று சொன்னேன் அல்லவா. யாழ்ப்பாணத்தில் ஒரு கிளாக்கருக்கு முன்னால் வருகிற சண்டையில் பாதி வேலிச் சண்டை. ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கும்போது ஒரு சாண் பக்கத்துக் காணிக்குள் நகரும், கேட்டால் அசையவில்லை என்று சத்தியம் பண்ணுவார்கள். அவரோ அளந்து போட்ட எல்லையை மட்டும் நம்பிப் பழகிய மனிதர். கண்ணாடியைத் தன் கையில் வாங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"எல்லை தாண்டியிட்டுது" என்றார்.

"ஓம் அங்கிள்."

"வெட்டாட்டி எவ்வளவு தூரம் போகும்?"

"எனக்குத் தெரியாது. அதை டொக்டரைத்தான் கேக்கவேணும். நேற்று உள்ளுக்கை நிண்டது, இண்டைக்கு வெளியிலை நிக்குது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியை மகளிடம் கொடுத்தார். "டொக்டரைக் கூப்பிடும். நீர் பக்கத்திலை நிண்டு தமிழிலை சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

டொக்டரை அவர் கேள்வி கேட்ட விதம் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிறது. கச்சேரியில் வந்து நிற்கிற வழக்குக்காரரைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். எவ்வளவு எடுப்பீர்கள், அதற்கு மேலே எடுக்க வேண்டிவந்தால் என்னிடம் திரும்பக் கேட்பீர்களா, நடப்பேனா, வேலைக்குப் போவேனா, இல்லையென்றால் என்ன ஆகும். டொக்டர் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டு இடத்தில் அவரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். உப்புமில்லை, புளியுமில்லை. அங்கிள் கையெழுத்துப் போட்டார். தியேட்டருக்குக் கட்டிலைத் தள்ள போர்ட்டர் வந்தபோது, இதை நானே தள்ளுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். லிஃப்டுக்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது, கால் தப்பியது.

அக்கா தோடம்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் கேட்க முன்னமே சொல்லத் தொடங்கினாள். "நான் டொக்டர் எண்டு சொல்லேல்லையடா. ஆஸ்பத்திரியிலை படிக்கிறான் எண்டுதான் சொன்னனான். அவை டொக்டருக்கோ எண்டு கேட்டவை. நான் இல்லை எண்டு சொல்லேல்லை." இதுதான் அவளுடைய முழு வாக்குமூலம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிள் அவளை அறைக்குள் கூப்பிட்டு நெடுநேரம் கதைத்தார், கதவு பூட்டியிருந்தது. வெளியே வரும்போது அக்காவின் மூக்கு சிவந்திருந்தது, தோடம்பழத்தில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தாள். சலரோகக்காரருக்கு இவ்வளவா என்று திட்டு வாங்கினாளாம்.

பிறகு வதனி எனக்குச் சொன்னாள், கோபம் ஆறியபிறகு தகப்பன் என்ன சொன்னார் என்று. லண்டனில் இருக்கிறவனுக்கும் தெரியுமாம், நோர்வேயில் இருக்கிறவனுக்கும் தெரியுமாம், பக்கத்துக் கட்டிலில் கிடந்த போர்த்துக்கீசனுக்கும் தெரியுமாம். தனக்குத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அந்தப் பெடியன்தான், அதனால் அவன் தெரியும் என்று சொன்ன ஒன்றை நம்பினேன் என்றாராம்.

இனி கேள்வி கேட்டவளின் தங்கைக்கு வருகிறேன். பிள்ளை, நான் டிப்ளோமாக்காரன், அதனால் டிப்ளோமாவுக்குக் கொடி பிடிப்பேன் என்று நினைக்காதே. வேலைக்கு வந்து கொஞ்சக் காலத்தில், எனக்குள் "ஏன்" என்று ஒரு கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கோடு எப்படிப் போடவேண்டும் என்று தெரியும், சிலருக்குச் சிவப்பு ஏன் கோட்டைத் தாண்டி ஓடுகிறது, சிலருக்கு ஏன் நிற்கிறது என்று தெரியாது. அங்கிளைப் போல எத்தனை பேர் புண்ணை ஒளித்துக்கொண்டு சப்பாத்துக்குள் நிற்கிறார்கள், அவர்களிடம் ஆஸ்பத்திரிக்கு வரமுன்னமே யார் போய்ச் சொல்லுவது என்றும் தெரியாது. அதற்காகத்தான் தொண்ணூறுகளின் கடைசியில், வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் பல்கலைக்கழகத்தில் டிகிரி செய்தேன். கட்டுரை எழுதினேன், பயந்து பயந்துதான் எழுதினேன், வதனி பிழை திருத்தினாள். அந்தப் படிப்பு எனக்கு நல்ல பயன் தந்தது, பாதம் பார்க்கிற கிளினிக்கில் பிறகு நான் செய்த வேலை முழுக்க அதால் வந்தது. அரசாங்கம் ஆஸ்பத்திரிகளை மூடி, ஒன்றோடொன்று சேர்த்து, வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிய காலத்தில் அது ஒரு பிடியாகவும் இருந்தது.

ஆகவே தங்கை என்ன மாதிரி ஆள் என்று முதலில் பார். படித்து முடித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவேன் என்கிறவளா, இறங்கிவிட்டுத்தான் படிப்பேன் என்கிறவளா? இரண்டாலும் கரைக்குப் போகலாம். இப்போது டிப்ளோமாவின் லைசென்ஸ் வேறு, டிகிரியின் லைசென்ஸ் வேறு, அதை நன்றாக விசாரித்து, எதைச் செய்ய அனுமதி, எதைச் செய்ய அனுமதியில்லை என்று தெரிந்துகொண்டு போகச் சொல். அக்காமாரின் சுவரில் எந்தப் படம் தொங்கப்போகிறது என்று பார்த்து முடிவெடுக்கவேண்டாம். எதை எடுத்தாலும், நான் இன்னார், இது எனக்குத் தெரியும், இது எனக்குத் தெரியாது என்று கட்டிலடியில் நின்று சொல்லப் பழகச் சொல். சொல்லி முடித்தபிறகு ஓடிப்போகாமல், கட்டு மாற்றத் திரும்பி வரவும் பழகச் சொல். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

கலியாணக் கதை கேட்பீர்கள் என்று தெரியும். வதனியின் தாய், எங்கள் அன்ரி, விசா கிடைத்து வந்து சேர்ந்தபிறகு நாள் வைத்தார்கள். நான் அப்போது பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்திருந்தேன். அழைப்பிதழ் அச்சடிக்கிற பொறுப்பு அக்காவுக்கு. எங்கள் ஆட்களின் அழைப்பிதழில் மணமக்களின் பெயருக்குக் கீழே என்ன படிப்பு, என்ன உத்தியோகம் என்று போடுவது வழக்கம்தானே. அக்கா என் பெயருக்குக் கீழே "மருத்துவத்துறை, ரொறொன்ரோ" என்று போட்டு, பொய்யுமில்லை மெய்யுமில்லை என்ற திருப்தியோடு மாதிரியைக் கொண்டுபோய் அங்கிளிடம் காட்டினாள். நானும் வதனியும் பக்கத்தில் இருந்தோம். அங்கிள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டார். கீழே கிளாக்கர் கையெழுத்தில், வடிவாக, "தாதி" என்று எழுதினார்.

அக்கா துடித்துப்போனாள். ஊர் உலகம் எல்லாம் வரப்போகிற கலியாணம், மாப்பிள்ளை நேர்ஸ் என்று போட்டால் சனம் என்ன சொல்லும் என்று கண் கலங்கினாள்.

அங்கிள் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"கேக்கிற ஆக்களை என்னட்டை அனுப்பும், பிள்ளை" என்றார். "நான் சப்பாத்தைக் கழட்டிக் காட்டுறன்."